மூலை வளையட்டும், எழுத்து மங்க வேண்டாம்

வாசகர் கேள்வி–பதில்

கணினித் திரையைப் பதிவுசெய்து, கொஞ்சம் சுருக்கி, மூலைகளை வளைத்து, வண்ணப் பின்னணியின் மேல் உட்காரவைக்கும் பாணி பாடக் காணொளியிலிருந்து செயலி அறிமுகம் வரை எங்கும் வந்துவிட்டது. அது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். வேறு அளவு சொல்லாத இடங்களில் டைம்லைன் (எடிட்டரில் கிளிப்புகளை அடுக்கும் தளம்) 1920×1080 பிக்சல். பின்னணியின் மேல் உட்காரும் திரைப்பதிவைச் சுருக்கமாக ‘கார்டு’ என்கிறோம்.

கேள்வி: பதிவை 85 சதவீதத்துக்குச் சுருக்கி நடுவில் வைத்தேன். இடது, வலது பக்கம் அகலமாகவும் மேலும் கீழும் ஒடுக்கமாகவும் இடைவெளி வருகிறது. நான்கு பக்கமும் ஒரே அளவில் வர வழி உண்டா?

சுருக்குவதால் மட்டும் வராது. பதிவும் 16:9, டைம்லைனும் 16:9. 85 சதவீதத்தில் பதிவு 1632×918 ஆகிறது. மிச்சம் பக்கவாட்டில் 144 பிக்சல், மேலும் கீழும் 81 பிக்சல். எவ்வளவு சுருக்கினாலும் இந்த விகிதம் மாறாது. கார்டின் உயரத்தைக் கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும்.

சுற்றிலும் 96 பிக்சல் வேண்டும் என்றால் கார்டு 1728×888 இருக்க வேண்டும். 90 சதவீதத்துக்குச் சுருக்கினால் 1728×972 கிடைக்கும். உயரத்தில் 84 பிக்சல் அதிகம். அசல் பதிவின் கணக்கில் அது 93 பிக்சல். எதை வெட்டுவது? திரையில் வெட்டத் தகுந்தவை எப்போதும் இருக்கும். விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே ஸ்கேல் 100 சதவீதத்தில் இருந்தால் அடியில் உள்ள டாஸ்க்பார் 48 பிக்சல். அதை எடுத்துவிட்டு, மீதி 45 பிக்சலை மேலே பிரவுசரின் டேப் வரிசையில் எடுக்கலாம். கடிகாரமும் திறந்து கிடக்கும் பத்து டேப்களும் போய்விடுவதால் படமும் சுத்தமாகிறது. ஒரே பக்கத்தில் மொத்தமாக வெட்டினால் கார்டு நடுவை விட்டு விலகும். வெட்டிய அளவில் பாதியை, அதாவது 42 பிக்சலை, வெட்டிய பக்கம் நோக்கி நகர்த்துங்கள்.

பக்க இடைவெளி சமமாக இல்லாததே பிடித்திருக்கிறது என்றால் அப்படியே விடுங்கள், தப்பில்லை. ஆனால் கார்டின் அடியில் சப்டைட்டில் வரப்போகிறது என்றால் 81 பிக்சலில் இரண்டு வரி அடங்காது.

கேள்வி: மூலையை வளைக்க எந்த மென்பொருளில் எங்கே போக வேண்டும்? என் எடிட்டரில் மாஸ்க் (தெரிய வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் வெட்டு வடிவம்) போட்டால் கூர்மையான சதுரம்தான் வருகிறது.

ஷாட்கட் எடிட்டர் இலவசம், இதற்கு நேர்வழியும் உண்டு. முதல் வீடியோ ட்ராக்கில் வண்ணக் கிளிப்பை வையுங்கள், இரண்டாம் ட்ராக்கில் பதிவை. பதிவின் மேல் ‘க்ராப்: ரெக்டாங்கிள்’ ஃபில்டரைப் போட்டால் ‘கார்னர் ரேடியஸ்’ அதற்குள்ளேயே இருக்கிறது. ‘பேடிங் கலர்’ என்ற இடத்தில் முழுக்க ஒளி ஊடுருவும் நிறத்தை, அதாவது ஆல்ஃபா பூஜ்யமாக, தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் வளைந்த மூலைக்கு வெளியே கறுப்பு தெரியும். மாஸ்க் வேலை செய்யவில்லை என்று தோன்றும்.

டாவின்சி ரிசால்வில் பதிவை இரண்டாம் ட்ராக்கில் வைத்து ஃப்யூஷன் பக்கத்துக்குப் போங்கள். ‘ரெக்டாங்கிள்’ மாஸ்க் ஒன்றை எடுத்து மீடியாஇன் நோடின் நீல முனையில் இணையுங்கள். அகலத்தையும் உயரத்தையும் ஃப்ரேமின் விளிம்பைத் தொடும்வரை கூட்டி, ‘கார்னர் ரேடியஸை’ 0.05 அருகில் வைத்துப் பாருங்கள். இங்கே இந்த எண் பிக்சல் கணக்கு இல்லை. சுருக்கும் வேலையை எடிட் பக்கத்துக்குத் திரும்பி இன்ஸ்பெக்டரில் செய்யலாம்.

பிரீமியர் ப்ரோவில் ஒபாசிட்டியின் கீழ் காலங்காலமாக இருக்கும் மாஸ்க் கருவிகள் நீள்வட்டம், நாற்புள்ளி, பேனா ஆகிய மூன்றும்தான். பேனாவால் நான்கு மூலையையும் ஒரே மாதிரி வளைப்பது வீண் வேலை. மூன்றாம் ட்ராக்கில் கிராஃபிக்ஸ் கருவியால் ஒரு செவ்வகம் வரைந்து அதற்கு மூலை வளைவு கொடுங்கள். இரண்டாம் ட்ராக்கில் உள்ள பதிவின் மேல் ‘ட்ராக் மேட் கீ’ எஃபெக்டைப் போட்டு, மேட் என்ற இடத்தில் ‘வீடியோ 3’ஐயும், கலக்கும் முறையில் ‘மேட் ஆல்ஃபா’வையும் தேர்ந்தெடுங்கள். ஃபைனல் கட் ப்ரோவில் ‘ஷேப் மாஸ்க்’ எஃபெக்ட், அதில் ‘கர்வேச்சர்’. கூடவே ஓரத்தை மங்கலாக்கும் ஃபெதரைப் பூஜ்யம் வரை இறக்குங்கள்.

எவ்வளவு வளைவு? 1080 உயர டைம்லைனில் 16 முதல் 24 பிக்சல் போதும். 40-ஐத் தாண்டினால் மூலையில் இருக்கும் மூடும் பொத்தான், மெனு எல்லாம் அரைகுறையாக வெட்டுப்படும்.

கேள்வி: ஒரு பொத்தானைப் பெரிதாக்கிக் காட்ட ஜூம் செய்தால் கார்டு முழுவதும் பெரிதாகி, பின்னணி மறைந்து, வளைந்த மூலைகள் திரைக்கு வெளியே போகின்றன. கார்டு அசையாமல் உள்ளே இருப்பது மட்டும் பெரிதாக வேண்டும்.

இந்தப் பாணியில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன. மாஸ்க் முதலா, ஜூம் முதலா என்பதே கேள்வி.

முதலில் மாஸ்க், பிறகு ஜூம் என்றால் வெட்டி முடித்த கார்டையே பெரிதாக்குகிறீர்கள். 20 பிக்சல் மூலை 200 சதவீத ஜூமில் 40 பிக்சலாகிறது, 2 பிக்சல் பார்டர் 4 ஆகிறது. முதலில் ஜூம், பிறகு மாஸ்க் என்றால் ஜன்னல் சட்டம் நின்ற இடத்தில் நிற்க, அதன் பின்னால் காட்சி மட்டும் நகரும். நீங்கள் கேட்பது இரண்டாவது.

ஷாட்கட்டில் ஃபில்டர்கள் பட்டியலில் மேலிருந்து கீழாக வேலை செய்யும். ‘சைஸ், பொசிஷன் & ரொட்டேட்’ மேலே, ‘க்ராப்: ரெக்டாங்கிள்’ கீழே இருக்கட்டும். கீஃப்ரேம்களை (எந்த நேரத்தில் எந்த அளவு என்று குறிக்கும் புள்ளிகளை) முதல் ஃபில்டருக்கு மட்டும் போடுங்கள். பிரீமியரில் கிளிப்போடு பிறந்த ‘மோஷன்’ எப்போதும் எஃபெக்டுகளுக்குப் பிறகுதான் கணக்கிடப்படும், அதனால் அதைத் தொடாதீர்கள். ‘ட்ரான்ஸ்ஃபார்ம்’ என்ற தனி எஃபெக்டைப் போட்டு ‘ட்ராக் மேட் கீ’க்கு மேலே இழுத்து வைத்து, அதில் ஜூம் செய்யுங்கள். ஃபைனல் கட்டில் ஜூம் செய்த கிளிப்பை காம்பவுண்ட் கிளிப் ஆக்கி (ஒரே கிளிப்பாகக் கட்டி), அதன் மேல் மாஸ்க். ஃப்யூஷனில் மீடியாஇன் நோடை அடுத்து ட்ரான்ஸ்ஃபார்ம் வைத்து, அதன் விளைவை இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் நோடின் மேல்படமாகக் கொடுத்து, ரெக்டாங்கிளை அந்த மெர்ஜின் நீல முனையில் இணைக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்ம் நோடின் மாஸ்க் முனையில் இணைத்தால் படம் வெட்டுப்படாது. ஜூம் எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்தும். பலர் தடுமாறும் இடம் இது.

செங்குத்துக் காணொளிக்கு இந்த இரண்டாம் முறையை விட்டால் வேறு வழியில்லை என்றே சொல்லலாம். 1080×1920 டைம்லைனில் முழுத் திரையையும் பக்கத்துக்கு 40 பிக்சல் விட்டு அடக்கினால் கார்டு 1000×562 ஆகிவிடும். எழுத்து பாதியாகச் சுருங்கும், கைப்பேசியில் ஒன்றும் படிக்க முடியாது. 1000×1000 சதுர மாஸ்க்கை நிலையாக வைத்து, பதிவை 100 சதவீத அளவிலேயே அதன் பின்னால் நகர்த்துங்கள். இடக் கோடியிலிருந்து வலக் கோடி வரை நகர 920 பிக்சல் தூரம் இருக்கிறது.

ஜூம் நேரம்: நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 15 முதல் 20 ஃப்ரேம். கீஃப்ரேம் இரண்டையும் ‘ஈஸ்’ (மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பது) ஆக மாற்றுங்கள். மவுஸ் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஜூம் தொடங்கிவிடட்டும்; பின்னால் தொடங்கினால் பார்ப்பவர் கிளிக்கைத் தவறவிடுவார்.

கேள்வி: பின்னணி எல்லாம் அழகாக வந்தது. ஆனால் அசல் பதிவில் தெளிவாக இருந்த எழுத்து இப்போது மங்கலாக இருக்கிறது. எக்ஸ்போர்ட் பிட்ரேட்டை (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவை) கூட்டிப் பார்த்தும் பயனில்லை.

எழுத்து மங்கியது எக்ஸ்போர்ட்டில் இல்லை, சுருக்கும்போதே. திரையில் 16 பிக்சல் இருந்த எழுத்து 85 சதவீதத்தில் 13.6 பிக்சல் ஆகிறது. ஒரு பிக்சல் தடிமனில் இருந்த கோடு முழு பிக்சலில் உட்கார முடியாமல் பக்கத்துப் பிக்சலோடு கலந்து சாம்பலாகிறது. இதோடு 200 சதவீத ஜூமும் செய்தால், அசல் அளவைக் காட்டிலும் 1.7 மடங்கு இழுத்துவிட்டீர்கள். இல்லாத விவரத்தைப் பிட்ரேட் கொண்டுவராது.

பதிவையே பெரிதாக எடுங்கள். 3840×2160-இல் பதிவுசெய்து 1080 டைம்லைனில் வைத்தால், 85 சதவீதக் கார்டு அசலில் 42.5 சதவீதம்தான். அங்கிருந்து 2.35 மடங்கு வரை எந்த இழப்பும் இல்லாமல் ஜூம் செய்யலாம். அவ்வளவு பெரிய திரை இல்லையா? பதிவுக்கு முன் பிரவுசர் ஜூமை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து பெரிதாகப் பதிவானாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பு எழுத்து தெளிவாகவும், கரும் பின்னணியில் சிவப்பு அல்லது நீல எழுத்து மட்டும் ஓரம் கசிந்தும் தெரிகிறதா என்று பாருங்கள். வழக்கமான வீடியோ வடிவத்தில் வெளிச்சம் முழு அளவில் பதிவாகும், நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவில்தான். 1920×1080 வீடியோவில் நிறத் தகவல் 960×540 மட்டுமே. நிரல் எழுதும் திரைகளில் இது பளிச்சென்று தெரியும். திரையைப் பதிவுசெய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோவின் அட்வான்ஸ்டு பகுதியில் நிற வடிவத்தை ஐ444 என்று மாற்றினால் முழு நிறமும் பதிவாகும், ஆனால் சில எடிட்டர்கள் அந்தக் கோப்பைத் திறக்கத் திணறும். 4கே-யில் எடுத்துச் சுருக்குவது இதற்கும் மருந்து: அதன் நிறத் தகவலே 1920×1080 இருக்கிறது.

யூடியூப் 1080, 30 ஃப்ரேம் வீடியோவுக்கு 8 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது, 1440-க்கு 16. 4கே-யில் பதிவு கையில் இருந்தால் டைம்லைனையே 1440 ஆக வைத்து ஏற்றுவது நல்லது.

கேள்வி: கருநீலத்தில் மெல்லிய கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும் பின்னணி) வைத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.

8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நிற மதிப்பு மேலே 20, கீழே 44 என்று கிரேடியன்ட் வைத்தால் 1080 பிக்சல் உயரத்துக்கு 24 படிகள் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு படியும் 45 பிக்சல் அகலப் பட்டை. கண்ணுக்குத் தெரியாமல் என்ன செய்யும்! இரு முனை நிறங்களின் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது கருநீலத்திலிருந்து ஊதா என்று நிறத்தையே மாற்றுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் வெவ்வேறு இடத்தில் படி மாறுவதால் கோடு கலைந்துவிடும். மேலே 2 முதல் 4 சதவீதம் கிரெய்ன் (நுண்புள்ளிகள்) தூவுவதும் உதவும், ஆனால் அசையும் கிரெய்ன் பிட்ரேட்டைத் தின்னும். தளத்தில் ஏற்றும்போது அதுவே முதலில் துடைக்கப்படும். ஐயம் இருந்தால் ஒற்றை நிறமே போதும். ஆர்ஜிபி 30, 42, 68 போன்ற அடங்கிய நீலம் வெள்ளைத் திரைப்பதிவுக்கு நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: நிழல் போட்டால் ஒன்று தெரியவே மாட்டேன் என்கிறது, அல்லது கறுப்பு மை தடவியது போல இருக்கிறது.

தெரியவில்லை என்றால் நிழலையும் மாஸ்க் வெட்டிவிட்டது. பிரீமியரில் ஒபாசிட்டி மாஸ்க் போட்ட கிளிப்பிலேயே ‘ட்ராப் ஷேடோ’ போட்டால், நிழல் முதலில் வந்து, மாஸ்க் பிறகு வந்து அதைத் துண்டித்துவிடும். பதிவையும் மாஸ்க்கையும் நெஸ்ட் செய்து (ஒரே கிளிப்பாகக் கட்டி), அந்த நெஸ்ட்டின் மேல் நிழலைப் போடுங்கள். எந்த மென்பொருளானாலும் நிழல் கடைசி.

மை தடவியது போல இருந்தால் பரவல் குறைவு, அடர்த்தி அதிகம். அடர்த்தி 30 முதல் 40 சதவீதம், தூரம் 15 முதல் 25 பிக்சல் நேர் கீழே, பரவல் 50 முதல் 60 பிக்சல் என்று தொடங்குங்கள். நிறம் கறுப்பு வேண்டாம். பின்னணி நிறத்தையே நன்றாகக் கறுத்து எடுங்கள். பின்னணி ஏற்கெனவே இருட்டு என்றால் நிழலை மறந்துவிட்டு, கார்டைச் சுற்றி 15 சதவீத அடர்த்தியில் ஒரு பிக்சல் வெள்ளைக் கோடு போடுங்கள்.

கேள்வி: ஒரு செயலியின் ஜன்னலை மட்டும் பதிவுசெய்து மூலை வளைத்தேன். மூலைகளில் வால்பேப்பரின் துணுக்கு ஒட்டிக்கொண்டு தெரிகிறது.

ஜன்னலுக்கே வளைந்த மூலை இருக்கிறது. உங்கள் மாஸ்க்கின் வளைவு அதைவிடச் சிறியது, அதனால் இரண்டுக்கும் நடுவே வால்பேப்பர் எட்டிப்பார்க்கிறது. மாஸ்க்கை எல்லாப் பக்கமும் 3 அல்லது 4 பிக்சல் உள்ளே இழுத்து, வளைவை ஜன்னலின் வளைவைவிடக் கூட்டுங்கள். ஓரம் படிப்படியாக உடைந்து தெரிந்தால் ஃபெதர் 1 பிக்சல். அதற்கு மேல் போனால் பனிமூட்டம்.

கேள்வி: கணக்கு எண்ணையும் மின்னஞ்சலையும் மறைக்க மொசைக் போடுகிறேன். பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது மொசைக் ஓரிடத்திலும் எண் ஓரிடத்திலுமாகப் போகிறது. அசைவைப் பின்தொடரும் ட்ராக்கரும் பிடிக்கவில்லை.

முதலில் மொசைக்கை விடுங்கள். அது எழுத்தை அழிப்பதில்லை, கட்டம் கட்டமாகச் சராசரி எடுக்கிறது. எழுத்துரு தெரிந்தால் அந்தச் சராசரியிலிருந்து எழுத்தைத் திரும்ப ஊகிக்க முடியும். 2020-இல் வெளிவந்த டெபிக்ஸ் என்ற கருவி சில வகை மொசைக்குகளில் இதைச் செய்து காட்டியது. காணொளியில் ஒரே எண் பல ஃப்ரேம்களில் சற்றே தள்ளித் தள்ளி வருவதால் ஊகிப்பவருக்கு இன்னும் வசதி. முழு அடர்த்தியில் ஒரு வண்ணப் பெட்டியை வையுங்கள். பக்கத்தின் நிறத்திலேயே வைத்தால் உறுத்தாது.

ட்ராக்கர் பிடிக்காததற்குக் காரணம், ஸ்க்ரோல் சீராக ஓடுவதில்லை. ஒரு ஃப்ரேமில் நூறு பிக்சல் தாவி அடுத்த ஃப்ரேமில் நிற்கும். தாவும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ‘ஹோல்ட்’ கீஃப்ரேம் (அடுத்தது வரும்வரை நகராமல் நிற்பது) போட வேண்டும். எண் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழும் போகிறது என்றால் அந்த நெடுவரிசை முழுவதையும் மூடிவிடுவது எளிது, பத்திரமும்கூட.

பதிவின் இன்னொரு நகலைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னணியாக வைக்கும் பழக்கம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மேல் நகலில் மட்டும் பெட்டி வைத்திருப்பீர்கள். கீழ் நகலில் எண் அப்படியே இருக்கும். பெட்டியோடு சேர்த்து முதலில் நெஸ்ட் செய்து, அந்த நெஸ்ட்டையே இரண்டு முறை பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு மெனுவை மட்டும் வெளிச்சமாகக் காட்டி மற்றதை இருட்டாக்குவது எப்படி?

பதிவின் மேல் ஒரு கறுப்பு லேயர், 50 முதல் 60 சதவீத அடர்த்தி. அதில் மெனுவைச் சுற்றிச் செவ்வக மாஸ்க் போட்டு ‘இன்வர்ட்’ செய்யுங்கள். ஃபெதர் 20 பிக்சல். இங்கே மட்டும் ஃபெதர் தாராளமாக இருக்கலாம். அடர்த்தி 8 முதல் 12 ஃப்ரேமில் ஏறட்டும். கார்டுக்கு வெளியே உள்ள வண்ணப் பின்னணி இருட்டாகக் கூடாது என்றால் இந்த லேயரும் கார்டின் நெஸ்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: முகம் தெரியும் கேமரா படத்தை வட்டமாக வெட்டினால் முட்டை வடிவம் ஆகிறது.

16:9 படத்தில் அகலமும் உயரமும் சதவீதக் கணக்கில் சமமாக இருந்தால் நீள்வட்டம்தான் வரும். முதலில் 1:1 ஆக க்ராப் செய்துவிட்டு வட்டம் போடுங்கள். ஷாட்கட்டில் ‘க்ராப்: சர்க்கிள்’ இதை நேராகவே செய்துவிடும். விட்டம் 220 முதல் 260 பிக்சல். திரையின் அடி ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள். பிளேயரின் பொத்தான்கள் முகத்தின் மேல் வந்து நிற்கும். கேமராவைத் திரையோடு சேர்த்துப் பதிவுசெய்யாமல் தனிக் கோப்பாக எடுத்தால்தான் பின்னால் இடம் மாற்ற முடியும்.

கேள்வி: கைப்பேசியின் திரைப்பதிவில் சரியாகப் போட்ட ஜூம், கிளிப்பின் கடைசிப் பகுதியில் அரை நொடி தள்ளிப் போகிறது. ஒலியும் விலகுகிறது.

கைப்பேசி, திரை அசையாதபோது ஃப்ரேம்களைச் சேமித்துக்கொள்ளும். அசையும்போது அள்ளி வீசும். ஃப்ரேம் வேகம் இப்படி ஏறி இறங்கும் கோப்பை எடிட்டர் சீரானது என்று எண்ணிக் கணக்கிட்டால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். வீடியோ கோப்பை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் திறந்து, வீடியோ பகுதியில் ஃப்ரேம்ரேட் 30 அல்லது 60, அதன் கீழ் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’, தரம் ஆர்எஃப் 16 முதல் 18 என்று வைத்து மாற்றுங்கள். எடிட் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கீஃப்ரேம் போட்ட பிறகு கோப்பை மாற்றினால் அத்தனையும் இடம் தவறும்.

1080×2400 பதிவைக் கிடைமட்ட டைம்லைனில் 950 பிக்சல் உயரத்துக்கு அடக்கினால் அகலம் 427-தான் வரும். இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும் இடத்தில் படிகளை எழுத்தாகப் போடலாம். மூலை வளைவு மட்டும் இங்கே 40 பிக்சல் வரை போகலாம், கைப்பேசி அப்படித்தானே இருக்கிறது.

கேள்வி: பதிவில் வெள்ளையாக இருந்த பக்கம் கார்டில் சாம்பல் வெள்ளையாகத் தெரிகிறது. பின்னணி வெள்ளையோடு ஒப்பிட்டால் பளிச்சென்று வித்தியாசம்.

பதிவு ‘லிமிடெட்’ வரம்பில் இருக்கிறது, எடிட்டர் அதை ‘ஃபுல்’ என்று படிக்கிறது. 255 ஆக வேண்டிய வெள்ளை 235-இல் நின்றுவிட்டது, கறுப்பும் 16-இல். ரிசால்வில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து, கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ‘டேட்டா லெவல்ஸ்’ஐ வீடியோ என்று மாற்றுங்கள். ஓபிஎஸ்ஸில் கலர் ரேஞ்சை லிமிடெட், கலர் ஸ்பேஸை 709 என்று வைத்து இனி மாற்றாமல் இருங்கள். பிரைட்னஸைக் கூட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள், வெளிர்சாம்பல் பொத்தான்கள் எல்லாம் வெள்ளையில் கரைந்துவிடும்.

கேள்வி: பின்னணியில் அலை, குமிழி என்று அசையும் வடிவங்கள் வைக்கலாமா?

தலைப்பு வரும் முதல் சில நொடிகளில் வைக்கலாம். பாடம் நடக்கும்போது வேண்டாம். பின்னணி அசைந்துகொண்டே இருந்தால் பிட்ரேட்டின் பெரும்பங்கு அங்கே போய்விடும், எழுத்துக்கு மிஞ்சுவது குறைவு. பார்ப்பவர் கண்ணும் மவுஸை விட்டுக் குமிழியைத் தொடரும்.